அமெரிக்காவின் பழைய மர வாத்துகள்: சேகரிக்கத் தொடங்குபவருக்கு முழுமையான வழிகாட்டி

பழைய மர வாத்து ஒன்று கைக்குக் கிடைத்தால் முதலில் அதைத் திருப்பி அடியைப் பாருங்கள். ஈயக்கட்டி, கயிறு கட்டிய தோல் வார், ஆணித் துளைகள், உப்புத் தண்ணீர் அரித்த வண்ணம், சொந்தக்காரர் சுட்டுப் பதித்த எழுத்து எல்லாம் அங்கேதான் இருக்கும். இந்த வாத்துகளை அலமாரியில் அடுக்குவதற்காக யாரும் செதுக்கவில்லை. குளிர்காலத்தில் தண்ணீரில் மிதக்கவிட்டு, மேலே பறந்து போகிற காட்டு வாத்துகளை ஏமாற்றிக் கீழே இறக்கச் செய்த வேட்டைக் கருவிகள் இவை. டெகாய் என்பது இவற்றின் பொதுப்பெயர். இன்று இவை அமெரிக்க நாட்டார் கலையின் சிறந்த வகைகளில் ஒன்றாக மதிக்கப்படுகின்றன. 2007-இல் எல்மர் க்ரோவெல் என்ற கலைஞர் செதுக்கிய இரண்டு பறவைகள் தலா 11.3 லட்சம் டாலருக்குக் கைமாறின.

விலையைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம், நல்ல பழைய வாத்து சில நூறு டாலருக்கும் கிடைக்கிறது. அதை அடையாளம் காணத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். இந்த வழிகாட்டி முழுக்க நான் சொல்லப்போவது ஒரே விஷயம்: அந்த வாத்து என்ன வேலை செய்தது என்று பாருங்கள். வடிவம், எடை, தேய்மானம், வண்ணம், போலி, விலை எல்லாவற்றுக்கும் அதுதான் சாவி.

முதலில் கொஞ்சம் வரலாறு

இந்த உத்தியை முதலில் கையாண்டவர்கள் அந்த மண்ணின் பூர்வகுடிகள். 1924-இல் நெவாடாவின் லவ்லாக் குகையில், கோரைப்புல்லைக் கட்டி வண்ணம் பூசிச் செய்த வாத்து உருவங்கள் கிடைத்தன. ஏறக்குறைய 2000 ஆண்டுப் பழமையானவை. கேன்வாஸ்பேக் என்ற இனத்தின் செந்தலை பார்த்த மாத்திரத்தில் தெரியும். பின்னால் வந்த ஐரோப்பியக் குடியேறிகள் அதையே மரத்தில் செய்தார்கள்.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வேட்டை பெரிய வியாபாரம் ஆயிற்று. ரயில் வந்ததும், கடலோரத்தில் சுட்ட வாத்துகள் நியூயார்க், பிலடெல்பியா, பால்டிமோர் உணவகங்களுக்குப் பீப்பாய் பீப்பாயாகப் போயின. மேரிலாந்தில் சஸ்குவஹானா ஆற்றின் முகத்துவாரத்தில் ஒரே வேட்டைக்கு நூற்றுக்கணக்கான மர வாத்துகளை மிதக்கவிடுவார்கள். அத்தனை வாத்துகளையும் யார் செய்வது? படகு கட்டுபவர், மீனவர், கலங்கரை விளக்கக் காவலர், முடிதிருத்துபவர் என்று அந்தந்த ஊர்க்காரர்களே செதுக்கினார்கள். கலைப் பள்ளிக்கூடம் பக்கம் போகாதவர்கள், ஆனால் பறவையை நாள்தோறும் பார்த்தவர்கள்.

இரண்டு ஆண்டுகளை நினைவில் வையுங்கள், காலம் கணிக்க உதவும். 1918-இல் வந்த வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டம் காட்டுப் பறவைகளைச் சுட்டு விற்பதை நிறுத்தியது. கரையோர உள்ளான்களையும் உப்புக்கொத்திகளையும் பெருமளவில் சுட்ட காலமும் அதோடு முடிவுக்கு வந்தது. ஆகவே குச்சியில் செருகி மணலில் நிறுத்தும் பழைய உள்ளான் உருவங்கள் பெரும்பாலும் அதற்கு முந்தியவை. 1935-இல் உயிருள்ள வாத்துகளைக் காலில் கயிறு கட்டி மிதக்கவிடுவதைத் தடை செய்தார்கள். நம் சங்கப் பாட்டில் எயினர் என்ற வேடர்களின் குடிசை முன்னால் விளாமரத்தில் கட்டி வைத்த பார்வை மான், அதாவது மற்ற மான்களை ஈர்க்கப் பழக்கிய மான், செய்கிற அதே வேலையைத்தான் அந்த வாத்துகளும் செய்துகொண்டிருந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிளாஸ்டிக் வாத்துகள் வந்தன. மர வாத்துகள் பரணுக்கும் படகுக் கொட்டகைக்கும் போயின. நிறையப் பேர் அடுப்பெரிக்கவும் பயன்படுத்தினார்கள்.

இவற்றைக் கலையாகப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர் ஜோயல் பார்பர் என்ற நியூயார்க் கட்டடக் கலைஞர். மற்றவர்கள் தூக்கிப் போட்டதைத் தேடிச் சேர்த்து, 1934-இல் டெகாய்களுக்கென்றே முதல் புத்தகத்தை எழுதினார். அவருடைய சேகரிப்பு இப்போது வெர்மான்ட் மாநிலத்து ஷெல்பர்ன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஒரு வட்டாரத்தைத் தேர்ந்தெடுங்கள்

எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கத் தொடங்கினால் எதையும் ஆழமாகத் தெரிந்துகொள்ள முடியாது. ஒரு ஆற்றையோ ஒரு விரிகுடாவையோ பிடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இடத்துத் தண்ணீரும் தனக்கேற்ற வாத்தைச் செய்ய வைத்திருக்கிறது.

நியூ ஜெர்சியின் பார்னகாட் விரிகுடாவை எடுத்துக்கொள்வோம். அங்கே வேட்டைக்காரர்கள் ஸ்னீக்பாக்ஸ் என்ற சிறு படகில் தனியாகப் போவார்கள். வாத்துகளும் அதே படகில்தான் போக வேண்டும். அதனால் எடை குறைவாக இருக்க வேண்டும். வெள்ளை சீடார் மரத்தை இரண்டு பாதியாக வெட்டி, உள்ளே குடைந்து, திரும்ப ஒட்டிவிடுவார்கள். கையில் எடுத்தால் ஏதோ காலியான டப்பாவைத் தூக்கியதுபோல இருக்கும். டக்கர்டன் ஊரைச் சேர்ந்த ஹாரி ஷோர்ட்ஸ் (1861–1920) இந்த வகையின் ஆசான். சவரம் செய்துகொள்ள உட்காரும் நேரத்துக்குள் ஒரு வாத்துத் தலையைச் செதுக்கி முடித்துவிடுவாராம், அந்த ஊரில் இன்றும் சொல்வார்கள். அவருடைய வாத்தின் அடியில் ஒரு நீள்சதுரப் பள்ளம் வெட்டி, அதில் ஈயத்தை உருக்கி ஊற்றிச் சமன் செய்திருப்பார். நியூ ஜெர்சியில் நம்மவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். டக்கர்டன் துறைமுக அருங்காட்சியகம் ஒரு மணி, ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளோடு போய்ப் பாருங்கள்.

கனெடிகட்டின் ஸ்ட்ராட்ஃபோர்ட் வேறு கதை. அங்கே தண்ணீரில் பனிச்சேறு மிதக்கும். அது மோதினால் வாத்து கவிழக் கூடாது. ஆல்பர்ட் லேயிங் அதற்காக மார்பை முன்னால் தள்ளி, தண்ணீருக்கு மேலே நிற்கிற மாதிரி செதுக்கினார். பனி அதற்கு அடியில் புகுந்து போய்விடும். பின்னால் வந்த ஷாங் வீலர் (1872–1949) அதே வடிவத்தை மேலும் நேர்த்தியாக்கினார்.

மெய்ன் மாநிலத்தில் அலை பெரிது. வாத்தும் பெரிது, குடையாத முழுக்கட்டை, அகன்ற உடல். பல வாத்துகளில் கழுத்தை உடலில் குழி வெட்டி இறக்கியிருப்பார்கள், அலை அடித்தாலும் தலை கழன்று போகாது. கலங்கரை விளக்கக் காவலராக இருந்த கஸ் வில்சனின் பறவைகளைப் பாருங்கள், உறங்குவதும் அலகால் இறகு கோதுவதுமாக ஒவ்வொன்றும் ஒரு தினுசு.

வர்ஜீனியாவின் காப் தீவில் உடைந்த கப்பல்களின் பாய்மரத் துண்டுகளில் உடலைச் செய்து, இயற்கையாகவே வளைந்த மரவேரைக் கழுத்தாக வைத்தார்கள். இல்லினாய் ஆற்றுக்காரர்களுடையது குடைந்த பைன், சீப்பால் இழுத்துப் போட்ட நுணுக்கமான இறகு வேலை. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ராபர்ட் எலிஸ்டன், சார்லஸ் பெர்டியூ என்று பெயர் போட்டு ஏலத்தில் விற்கும் பல வாத்துகளுக்கு வண்ணம் பூசியவர்கள் அவர்களுடைய மனைவிமார்களான கேதரினும் எட்னாவும். வாங்கும்போது அந்தப் பெயர்களையும் சேர்த்தே எழுதி வையுங்கள்.

டொராண்டோ பக்கம் இருப்பவர்களுக்கு ஒன்டாரியோ மரபு இருக்கிறது. மெல்லிய சுவர் விட்டுக் குடைந்து, அடியில் பலகை வைத்து மூடியவை, மிகவும் இலேசானவை. சிலருக்குப் பெரிய பெயர்கள் எதுவும் வேண்டாம், ஊர் பேர் தெரியாதவர் செய்த முரட்டு வாத்துகளே போதும். அதுவும் நல்ல வழிதான்.

வாங்குவதற்கு முன்னால் தொட்டுப் பழகுங்கள்

படத்தில் பார்த்துக் கற்றுக்கொள்ளும் கலை இல்லை இது. அருங்காட்சியகத்தில் தொட விட மாட்டார்கள். ஏலத்துக்கு முந்தைய பார்வை நாட்களில் தாராளமாகத் தொடலாம். மேரிலாந்தின் கையட் அண்ட் டீட்டர், மாசசூசெட்ஸின் கோப்லி ஆகியவை டெகாய்களுக்கென்றே பெயர் பெற்ற ஏல நிறுவனங்கள். எதையும் வாங்க வேண்டிய கட்டாயமில்லை. மேசை மேசையாகப் போய்க் கையில் எடுங்கள், திருப்புங்கள், எடையை உணருங்கள், கூடவே பழுதுகளைச் சொல்லும் நிலைமைக் குறிப்பைப் படியுங்கள். குறிப்பில் எழுதியிருப்பது உங்கள் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். இதைவிட நல்ல பாடம் கிடையாது. மேரிலாந்தின் ஹேவர் டி கிரேஸ் ஊரில் டெகாய் அருங்காட்சியகமே இருக்கிறது, செதுக்குபவர்களோடும் பேசலாம்.

ஒரு வாத்தைச் சோதிக்கும் முறை

நல்ல வெளிச்சத்தில், முடிந்தால் ஜன்னல் ஓரத்தில் வையுங்கள். முதலில் சில அடி தள்ளி நின்று பக்கவாட்டு உருவத்தைப் பாருங்கள். வேட்டைக்காரர் நம்பியது தூரத்திலிருந்து தெரிகிற கோட்டைத்தான். வாத்து பயமில்லாமல் மிதக்கிறதா, தலை உடலோடு சேர்ந்து வளர்ந்த மாதிரி இருக்கிறதா? நல்ல செதுக்கலில் கோடு எங்கேயும் அறுபடாது.

அப்புறம் தலை. அலகு நுனிதான் முதலில் உடையும் இடம். வண்ணம் அங்கே மட்டும் வேறாக இருந்தாலோ, அலகின் குறுக்கே மெல்லிய கோடு தெரிந்தாலோ புது அலகு ஒட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கழுத்தும் உடலும் சேரும் இடத்தைச் சுற்றி விரலை ஓட்டுங்கள். உடலும் தலையும் ஒரே அளவுக்கு வயதானவையா? தலை மாற்றப்பட்ட வாத்துகள் ஏராளம்.

டெட்ராய்ட் நகரின் மேசன் தொழிற்சாலை வாத்துகள் இதைக் கற்க நல்ல பாடப்புத்தகம். 1896 முதல் 1924 வரை நடந்த தொழிற்சாலை அது. உடலை இயந்திரத்தில் கடைந்து, கையால் முடித்து, கையாலேயே வண்ணம் பூசினார்கள். தரவாரியாக விற்றார்கள். பிரீமியர் உயர்ந்தது, உள்ளே குடைந்தது, மூக்குத் துளை வரை செதுக்கியிருப்பார்கள். அடுத்தது சேலஞ்ச். அதற்குக் கீழே முழுக்கட்டையில் செய்தவை: கண்ணாடிக் கண், ஆணிக் கண், வண்ணத்தால் வரைந்த கண் என்று விலை இறங்கிக்கொண்டே போகும். மேசன் வாத்தின் கழுத்தைச் சுற்றி இடைவெளியைப் பட்டி என்ற அடைப்புக் கலவையை வைத்து அடைத்திருப்பார்கள். மரம் சுருங்கி விரியும்போது அந்தப் பட்டி வெடித்து உதிர்ந்துவிடும். அதனால் நூறாண்டு கழித்தும் கழுத்துப் பட்டி பளபளவென்று முழுசாக இருந்தால் யாரோ புதிதாக வைத்திருக்கிறார்கள். அது பெரிய குற்றமில்லை, ஆனால் விற்பவர் சொல்ல வேண்டும், விலையும் கொஞ்சம் இறங்க வேண்டும்.

இப்போது அடிப்பாகம். ஈயக்கட்டியைப் பிடித்திருக்கும் ஆணியைப் பாருங்கள். 1890-கள் வரை சதுர வெட்டு ஆணிதான் பரவலாக இருந்தது. உருண்டைக் கம்பி ஆணி அப்புறம்தான் அதன் இடத்தைப் பிடித்தது. நாலு மூலைப் பள்ளம் கொண்ட ஃபிலிப்ஸ் ஸ்க்ரூ 1930-களின் நடுவில்தான் சந்தைக்கு வந்தது. 1890-இல் செய்த வாத்து என்று சொல்லி அதில் ஃபிலிப்ஸ் ஸ்க்ரூ இருந்தால், குறைந்தபட்சம் பின்னாளில் பழுது பார்த்திருக்கிறார்கள்.

தேய்மானத்துக்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். வேட்டைக்காரர் குளிரில் விறைத்த கையால் வாத்தைத் தலையைப் பிடித்துத் தூக்குவார், தலையில் வண்ணம் தேயும். மூட்டையில் ஒன்றோடொன்று மோதும், உடல் அகலமான பக்கங்களில் தேயும். கயிற்றைச் சுற்றிய இடத்தில் பட்டையாகத் தேயும். துப்பாக்கி ரவை பட்ட பொத்தல் ஒரு பக்கமாகவே இருக்கும். யாரோ உப்புத்தாளால் தேய்த்தால் எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தேயும், கை படாத பள்ளத்தில்கூட.

வண்ணம்

இந்தப் பொழுதுபோக்கில் விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வண்ணம்தான். தேய்ந்து மரம் தெரிந்தாலும் பரவாயில்லை, செய்தவர் கையால் பூசிய முதல் பூச்சு இருக்க வேண்டும். அதன்மேல் அழகாக, புதிதாக, பளிச்சென்று பூசிய வாத்து அதைவிட மலிவு. புதிதாக வருபவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும், நான்கைந்து ஏலம் பார்த்தால் பழகிவிடும்.

மறுபூச்சிலும் வகை உண்டு. வேட்டைக்காரரே அடுத்த பருவத்துக்கு முன்னால் மேலே பூசியது வேலையின் ஒரு பகுதி. ஒரு பெரிய கலைஞர் இன்னொருவர் வாத்துக்குப் பூசியதும் உண்டு. லேயிங் செதுக்கிய வாத்துகளுக்கு வீலர் பின்னாளில் வண்ணம் பூசினார், சேகரிப்பாளர்கள் அதை மதிக்கிறார்கள். கடைக்காரர் விற்பதற்காகப் பூசியதுதான் வாத்தைக் கெடுத்த பூச்சு.

எப்படிக் கண்டுபிடிப்பது? பத்து மடங்கு பெரிதாக்கும் சிறு லென்ஸ் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய எண்ணெய் வண்ணம் மரத்தோடு சேர்ந்தே வெடித்திருக்கும். வெடிப்பின் உள்ளே வண்ணம் இறங்கியிருந்தால், மரம் வெடித்த பிறகுதான் அதைப் பூசியிருக்கிறார்கள். இருட்டறையில் புற ஊதா விளக்கை அடித்தால் புதிதாகத் தொட்டுப் பூசிய இடங்கள் பெரும்பாலும் சுற்றியுள்ள வண்ணத்தோடு சேராமல் திட்டுத்திட்டாகத் தனித்துத் தெரியும். ஆனால் விளக்கை மட்டும் நம்ப வேண்டாம், அதை ஏமாற்றத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். பெரிய தொகை கொடுப்பதற்கு முன் எக்ஸ்ரே கேட்பது இந்தத் துறையில் வழக்கம்தான். உள்ளே புது ஆணி, புதுக் கழுத்து, சேர்த்த அலகு எல்லாம் படத்தில் தெரிந்துவிடும்.

யார் செய்தது?

அடியில் ஒரு பெயர் சுட்டுப் பதித்திருந்தால், அது செய்தவர் பெயர் என்று எடுத்துக்கொண்டுவிடாதீர்கள். பெரும்பாலும் அது வாத்தின் சொந்தக்காரருடையது, அல்லது வேட்டைச் சங்கத்தினுடையது. விரிகுடாவில் கயிறு அறுந்து போனால் திரும்பக் கிடைக்க வேண்டுமே! அந்த முத்திரை வேறு வகையில் உதவும்: எந்தச் சங்கம், எந்த ஊர், எந்தக் காலம் என்று தெரிந்தால் செதுக்கியவரை நெருங்கலாம்.

செய்தவரே முத்திரை பதித்ததும் உண்டு. மாசசூசெட்ஸ், கிழக்கு ஹார்விச் ஊரின் எல்மர் க்ரோவெல் (1862–1952) முட்டை வடிவச் சூடுமுத்திரை வைத்திருந்தார், பிற்காலத்தில் நீள்சதுர முத்திரை. ஆனால் அவருடைய ஆரம்பகாலப் பறவைகளில் முத்திரையே இருக்காது. அப்போது கை வேலைதான் பேச வேண்டும். ஈரம் காய்வதற்குள் ஒரு நிறத்தை இன்னொன்றில் கலந்து இறகின் மென்மையைக் கொண்டுவரும் அவருடைய தூரிகையை ஒருமுறை கிட்டத்தில் பார்த்துவிட்டால் மறக்காது. மேரிலாந்து, கிரிஸ்ஃபீல்டில் முடிதிருத்தகம் நடத்திய லெம் வார்ட், ஸ்டீவ் வார்ட் சகோதரர்களின் வாத்துகளை ஆண்டு சொல்லியே சேகரிப்பாளர்கள் அழைப்பார்கள்: 1936 மாதிரி என்றால் அந்த வட்டத்தில் எல்லோருக்கும் புரியும்.

பென்சிலால் அடியில் எழுதிய பெயருக்குத் தனி மதிப்புக் கொடுக்காதீர்கள். யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் எழுதலாம். வாத்தின் உடல் ஒரு பெயரைச் சொல்லி, கையெழுத்து வேறு பெயரைச் சொன்னால் உடலை நம்புங்கள்.

வாங்கும்போது

முதல் வாத்தாக மேசன் தொழிற்சாலையின் கீழ்த்தரங்களில் ஒன்றையோ, ஹேவர் டி கிரேஸின் மேடிசன் மிட்சல் (1901–1993) செய்ததையோ வாங்குங்கள் என்பது என் கருத்து. ஊரில் ஈமச்சடங்கு நடத்தும் தொழில் செய்தபடியே ஏராளமான வாத்துகளைச் செய்தவர் மிட்சல். அதனால் சில நூறு டாலரில் இன்றும் கிடைக்கின்றன, ஒப்பிட்டுப் பார்க்கவும் நிறைய உண்டு, போலி செய்து சம்பாதிக்கும் அளவுக்கு விலையும் இல்லை.

ஏலத்தில் சுத்தியல் விழுந்த விலைக்கு மேல் வாங்குபவர் கமிஷன் 20 சதவீதமோ அதற்கு மேலோ வரும். வரியும் அனுப்பும் செலவும் தனி. இதையெல்லாம் கழித்துவிட்டு உங்கள் உச்ச விலையைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு உட்காருங்கள். கடைக்காரரிடம் வாங்கினால் மூன்று கேள்வி கேளுங்கள்: என்ன பழுது பார்த்திருக்கிறது, வண்ணம் யாருடையது, யாரிடமிருந்து வந்தது. பதில்களை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கினால் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

இணையத்தில் படத்தை மட்டும் பார்த்து வாங்குவதாக இருந்தால் அடி, இரண்டு பக்கம், அலகு, கழுத்துச் சுற்று இவற்றின் படங்கள் இல்லாமல் பணம் அனுப்பாதீர்கள்.

இதே பணத்துக்கு ஐந்து சுமாரான வாத்துகளா, ஒரு நல்ல வாத்தா என்று வந்தால், எப்போதும் ஒன்றுதான். சுமாரானதை விற்கப் போகும்போதுதான் அதன் வலி தெரியும்.

வீட்டில் வைத்துக்கொள்வது

கழுவாதீர்கள், எண்ணெய் தடவாதீர்கள், வார்னிஷ் அடிக்காதீர்கள். மென்மையான தூரிகையால் தூசி தட்டினால் போதும். ஒரு தலைமுறை வேட்டைக்காரர்களின் கையழுக்கும் விரிகுடாவின் கறையும் சேர்ந்த மேற்பரப்புக்குத்தான் காசு கொடுத்திருக்கிறீர்கள். அரை மணி நேரச் சுத்தம் அதை அழித்துவிடும். நேர் வெயில் படும் ஜன்னல், ஹீட்டருக்கு மேல் உள்ள தட்டு, கணப்படுப்பின் மாடம் மூன்றும் ஆகாது. வெப்பத்தில் மரம் சுருங்கி, இருக்கிற வெடிப்பு பெரிதாகும். சென்னை மாதிரி ஈரக்காற்று ஊருக்குக் கொண்டுபோவதாக இருந்தால் கண்ணாடி அலமாரியில் வையுங்கள், வாத்தின் அடியில் மாவு மாதிரி தூள் விழுகிறதா என்று மாதாமாதம் பாருங்கள். தூள் விழுந்தால் வண்டு இருக்கிறது. அந்த வாத்தை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்துவிட்டு, மரப்பொருள் பாதுகாப்பு தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கும். உதிர்கிற துகள்கள் குழந்தைகளுக்கு நல்லதல்ல, எட்டாத உயரத்தில் வையுங்கள். கையாண்ட பிறகு கை கழுவுங்கள்.

தலையைப் பிடித்துத் தூக்கும் பழக்கம் வேண்டாம். வேட்டைக்காரர் அப்படித்தான் தூக்கினார், ஆனால் அப்போது அந்தக் கழுத்து புதிது. இரண்டு கையாலும் உடலைப் பிடியுங்கள்.

ஒவ்வொரு வாத்துக்கும் ஒரு நோட்டுப் பக்கம் ஒதுக்குங்கள்: வாங்கிய தேதி, விலை, யாரிடமிருந்து, என்ன பறவை, ஆணா பெண்ணா, மரம், பழுதுகள், அடியில் உள்ள முத்திரையின் படம், முந்தைய சொந்தக்காரர்கள் பற்றிக் கேள்விப்பட்டது. ரசீதை அதே பக்கத்தில் ஒட்டி வையுங்கள். காப்பீட்டுக்கும் இது வேண்டும், பிள்ளைகள் கையில் அந்த வாத்து போய்ச் சேரும்போதும் இது வேண்டும்.